ஆயில்யமா, மகமா

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் என் தங்கச்சிக்கு இரண்டு ஜாதக நோட்டு இருக்கிறது. ஒன்று அவள் பிறந்த வருசம் அப்புச்சி எழுதி வாங்கியது. மூலைகளில் மஞ்சள் தடவிய நோட்டு, வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு: கடக ராசி, ஆயில்யம் நாலாம் பாதம். இன்னொன்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய பிறகு பல்லடத்தில் கம்ப்யூட்டரில் போட்டு வாங்கியது. அது திருக்கணிதம்: சிம்ம ராசி, மகம் முதல் பாதம். பிறந்த நேரம் ஒன்று, ஊர் ஒன்று, பிள்ளையும் ஒன்று. நட்சத்திரம் மட்டும் இரண்டு.

ஜாதகம் பார்க்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் புரியாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். மகம் ஜெகத்தை ஆளும் என்பார்கள். முதல் நோட்டைப் பார்த்து மூன்று வரன் தட்டிப்போனது. ஒரு வீட்டில் நேராகவே சொன்னார்கள்: "எங்க பையனோட அம்மா நல்லா இருக்கோணுமுங்க." அதற்கப்புறம் வந்ததுதான் இரண்டாவது நோட்டு.

அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன். ரெண்டுல எது நெசம்னு பாத்துச் சொல்லு சாமி."

நான் எழுதுவது வங்கிகளுக்கான மென்பொருள். வானத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஜாதகச் செயலிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது 'சுவிஸ் எபிமெரிஸ்' என்ற நிரல் தொகுப்பு. அதை இறக்கி, தங்கச்சி பிறந்த நேரத்தைக் கொடுத்தேன். நிலாவின் இடம் வந்துவிட்டது. அதை நட்சத்திரமாக மாற்ற, 'அயனாம்சம்' என்ற ஓர் எண்ணைக் கழிக்க வேண்டும். அது என்ன எண் என்று பார்த்தால், தேர்ந்தெடுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட வழிகள் வரிசையாக நிற்கின்றன. லாஹிரி என்று போட்டால் மகம். எல்லையைத் தாண்டி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. மேற்கத்திய ஜோதிடர்கள் சிலர் பயன்படுத்தும் ஃபேகன்–பிராட்லி என்று போட்டால் திரும்ப ஆயில்யம். நிலா இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் ஒரு எண்ணை மாற்றினால் தங்கச்சியின் மாமியார் பிழைக்கிறார்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

*

வருசத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாகக் கிழக்கில் உதிக்கும். பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். மார்ச் 20 அல்லது 21 ஒன்று, செப்டம்பர் 22 அல்லது 23 இன்னொன்று. அந்த நாளில் சூரியனுக்குப் பின்னால் எந்த நட்சத்திரம் நிற்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வருசம் கழித்து உங்கள் பேரன் பார்த்தால் அது ஒரு பாகை நகர்ந்திருக்கும். வருசத்துக்கு 50.3 விகலை, முழுச் சுற்று முடிய ஏறத்தாழ 25,800 ஆண்டுகள். இதைத்தான் அயனச் சலனம் என்கிறோம். நகர்ந்த மொத்த தூரம்தான் அயனாம்சம். லாஹிரி கணக்கில் இன்று 24 பாகைக்குச் சற்று மேல்.

இதை முதலில் கண்டு சொன்னவர் என்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பது கிரேக்கத்து ஹிப்பார்கஸை, காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. அவர் பார்த்த நட்சத்திரம் நமக்கு நன்றாகத் தெரிந்தது: சித்திரை. அவருக்கு ஏறத்தாழ 160 ஆண்டுக்கு முன் டிமோகாரிஸ் என்பவர் அளந்தபோது, அது இலையுதிர் காலச் சமநாள் புள்ளியிலிருந்து 8 பாகை தள்ளி இருந்தது. ஹிப்பார்கஸ் அளந்தபோது 6 பாகை. தன் அளவு தப்பு என்றோ முன்னவர் அளவு தப்பு என்றோ அவர் முடிவு கட்டவில்லை. இரண்டும் சரி, வானம் நகர்கிறது என்றார்.

நம் பக்கத்தில் தடயம் வேறு விதமாகக் கிடைக்கிறது. வேதாங்க ஜோதிடம், சூரியன் அவிட்டத்தின் தொடக்கத்தில் வடக்கே திரும்புகிறது, ஆயில்யத்தின் நடுவில் தெற்கே திரும்புகிறது என்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இதை நேராக எடுத்துப் பேசுகிறார். பழைய நூல்கள் சொல்வதால் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் இன்று சூரியன் கடகத்தின் தொடக்கத்திலும் மகரத்தின் தொடக்கத்திலும் திரும்புகிறது, ஐயம் இருந்தால் நேரில் பார்த்துத் தெரிந்துகொள் என்பது அவர் சொன்னதன் சாரம். 'நேரில் பார்' என்ற அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

லாஹிரி கணக்கில் இன்று அந்தத் தென்முகத் திருப்பம் மிருகசீரிடத்தின் கடைசிப் பாதத்தில் நடக்கிறது. ஆயில்யத்திலிருந்து கிளம்பி பூசம், புனர்பூசம், திருவாதிரை எல்லாம் தாண்டி வந்துவிட்டது. தங்கச்சியின் முதல் நோட்டு நட்சத்திரம் ஒரு காலத்தில் சூரியனே திரும்பிப் பார்க்கும் இடமாக இருந்திருக்கிறது.

நகர்கிறது என்பது தெரிந்துவிட்டது. எப்படி நகர்கிறது என்பதில் சண்டை வந்தது. இன்று கிடைக்கும் சூரிய சித்தாந்தம், இது ஊஞ்சல் மாதிரி என்கிறது: இந்தப் பக்கம் 27 பாகை, அந்தப் பக்கம் 27 பாகை, ஒரு முழு ஆட்டத்துக்கு 7,200 ஆண்டு, வருசத்துக்கு 54 விகலை. பத்தாம் நூற்றாண்டு முஞ்சாலர், ஊஞ்சல் இல்லை, முழு வட்டம் என்றார். அவர் கணக்கில் வருசத்துக்கு 60 விகலைக்கு ஒட்டி வரும். அரபு வானியலிலும், அதன் வழியாக ஐரோப்பாவிலும் இதே ஊஞ்சல் கருத்து நூற்றாண்டுக்கணக்கில் ஓடியது. ஊஞ்சல் ஆடும் வேகம் என்ன, எங்கே திரும்பும் என்றெல்லாம் கணக்கு இருந்தது. யார் ஆட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

*

1543-இல் கோப்பர்நிகஸ் பூமியை நகர வைத்தபோது, இந்த நகர்வும் வானத்திலிருந்து இறங்கி பூமியின் அச்சுக்கு வந்தது. ஆனால் அச்சு ஏன் திரும்ப வேண்டும் என்பதற்கு அவரிடமும் காரணம் கிடையாது. காரணம் சொன்ன முதல் ஆள் நியூட்டன், 1687.

அவர் சொன்னது இது. சுழலும் பூமி சரியான உருண்டையாக இருக்க முடியாது. இடுப்பில் பெருத்திருக்க வேண்டும். இன்றைய அளவில் நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் இந்தப் பெருத்த இடுப்பும் சாய்ந்திருக்கிறது. நிலாவும் சூரியனும் அதைப் பிடித்து இழுத்து நேராக்கப் பார்க்கின்றன. சுழலாத பொருளாக இருந்தால் நிமிர்ந்திருக்கும். சுழலும் பொருள் அப்படிக் கேட்காது; இழுத்த பக்கம் போகாமல் பக்கவாட்டில் நழுவும். பம்பரம் விட்டவர்களுக்கு இது கைக்குத் தெரியும். ஒரு வித்தியாசம்: பம்பரத்தைப் பூமி கீழே சாய்க்கப் பார்க்கிறது, அதனால் அது தான் சுற்றும் திசையிலேயே தலையை ஆட்டுகிறது. பூமியை நிலா நிமிர்த்தப் பார்க்கிறது, அதனால் பூமி தான் சுற்றும் திசைக்கு எதிராகத் தலையைச் சுற்றுகிறது. சமநாள் புள்ளி பின்னோக்கி நகர்வது அதனால்தான்.

நியூட்டனுக்கு விடை 50 விகலை என்று சரியாக வந்தது. ஆனால் வழியில் சில கணக்குகள் தப்பு. சூரியன் பங்கு 9, நிலா பங்கு 40 என்று பிரித்தார். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு சூரியனுடையது, இரண்டு பங்கு நிலாவுடையது. விடை தெரிந்துகொண்டு கணக்குப் போடும் பழக்கம் நம் கல்லூரி ஆய்வகத்தோடு தொடங்கியதில்லை என்று அறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1749-இல் பிரெஞ்சுக்காரர் தலாம்பேர் கணக்கை முதலிலிருந்து போட்டு ஒழுங்கு செய்தார்.

அதற்கு முந்தைய வருசம் இன்னொரு சாட்சி வந்திருந்தது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிராட்லி சில நட்சத்திரங்களை இருபது வருசம் விடாமல் அளந்து, பூமியின் அச்சு தன் பெரிய வட்டத்தில் போகும்போதே சின்னதாகத் தலையசைக்கிறது என்று கண்டார். அளவு 9 விகலை. ஒரு அசைவுக்கு 18.6 ஆண்டு.

18.6 ஆண்டு. ராகு கேது பெயர்ச்சி பார்க்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த எண் சட்டென்று பிடிபடும். ராகுவும் கேதுவும் கோள்கள் அல்ல. நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். ஒரு ராசிக்கு ஒன்றரை வருசம் என்று பன்னிரண்டு ராசியையும் சுற்ற அவை எடுத்துக்கொள்ளும் காலம்தான் இது. நிலாவின் பாதை சாய்வு மாறும் அதே தாளத்தில் பூமியின் தலை ஆடுகிறது. பூமியைப் பிடித்து ஆட்டுவது நிலாதான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. தனி மனிதர்களுக்கு ராகு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. பூமிக்கு என்ன செய்கிறது என்பது அளந்து தெரிந்த விஷயம்.

*

மிச்சம் இருந்தது இடுப்பு. பூமி நிஜமாகவே பெருத்திருக்கிறதா, எவ்வளவு? பிரெஞ்சுக்காரர்கள் 1730-களில் லாப்லாந்துக்கும் பெருவுக்கும் ஆள் அனுப்பி அளந்து, நியூட்டன் சொன்னது சரி என்று காட்டினார்கள். ஆனால் சரியான அளவுக்கு இன்னும் பல இடங்களில் அளக்க வேண்டியிருந்தது. அதில் ஓர் இடம் எங்கள் ஊர்ப்பக்கம் என்பது அந்த ராத்திரியில் எனக்குக் கிடைத்த பரிசு.

1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி வைத்து அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கினார். பிறகு பெங்களூரிலிருந்து தெற்கே, 78-ஆவது தீர்க்கரேகையை ஒட்டிக் குமரி வரை முக்கோணங்களாகக் கோத்துக்கொண்டே போனார். அந்த வரிசையில் நட்சத்திரம் பார்த்து அட்சரேகை குறித்த நிலையங்கள் சில உண்டு. குமரிப் பக்கம் 'புன்னே', பெங்களூரில் 'தொட்டகுண்டா', நடுவில் கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒன்று. வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டலைப் படித்தால் 'புட்சபோலியம்' என்று வரும். நம் காதுக்கு அது பச்சாபாளையம். அட்சரேகை 10 பாகை 59 கலை 42 விகலை. பல்லடமும் அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. சோளமும் கம்பும் விளைந்த காட்டில் ஒருவர் கூடாரம் போட்டு, உச்சிக்கு மேல் போகும் நட்சத்திரங்களை ராத்திரி ராத்திரியாக அளந்திருக்கிறார்.

எதற்கு? இரண்டு ஊருக்கு நடுவில் தரையில் எத்தனை மைல், வானத்தில் எத்தனை பாகை என்று ஒப்பிட. பூமி உருண்டை என்றால் ஒரு பாகைக்கு எல்லா இடத்திலும் ஒரே நீளம் வரும். பெருத்த இடுப்பு என்றால் நடுக்கோட்டுப் பக்கம் குறைவாகவும் துருவப் பக்கம் அதிகமாகவும் வரும்: அங்கே 110.6 கிலோமீட்டர், இங்கே 111.7. இந்த அளவுகளை வைத்துத்தான் லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட் 1830-இல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். தட்டையாகும் அளவு அவருக்கு 300-இல் ஒரு பங்கு என்று வந்தது. இன்றைய மதிப்பு 298-இல் ஒரு பங்கு.

இதில் என்னைக் கட்டிப்போட்டது இன்னொன்று. நட்சத்திரத்தை வைத்து அட்சரேகை குறிக்க வேண்டுமென்றால், பழைய பட்டியலில் உள்ள அதன் இடத்தை அன்றைய தேதிக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது அயனச் சலனத்தையும் பிராட்லியின் தலையசைப்பையும் திருத்தியாக வேண்டும். பூமியின் தலை சுற்றுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்தச் சுற்றலுக்குக் காரணமான இடுப்பை அளந்திருக்கிறார்கள். நம் காட்டு மேட்டில்.

*

லாம்டனின் உதவியாளர்களில் ஒருவர் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர், கொஞ்ச காலம் சென்னை வான் ஆய்வகத்தையும் பார்த்துக்கொண்டவர். 1825-இல் 'கால சங்கலிதம்' என்ற பெரிய புத்தகம் போட்டார்; தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணக்குகள் முழுவதும் அதில் உண்டு. அதே வருசம் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதரை உட்கார வைத்து, மே 31-ஆம் தேதி சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் காகிதம் கேட்கவில்லை. சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்திக் கணக்கை முடித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். முடியும் நேரத்தில் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு.

ஐம்பத்தைந்து வருசம் முன்னால் இதே புதுச்சேரியில் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளரும் ஒரு தமிழரிடம் இந்தக் கணக்கைக் கற்றிருந்தார். 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வருசக்கணக்கில் காத்திருந்து, அன்றைக்கு மேகம் மூடியதால் ஒன்றும் பார்க்காமல் போனவர். வருசத்துக்கு 54 விகலை என்ற நம் எண் ஐரோப்பாவுக்கு அவர் எழுத்து வழியாகப் போனது.

சோழிக்காரரை நினைத்தால் எனக்குப் பெருமையும் சங்கடமும் சேர்ந்தே வருகிறது. ஒரு நிரலாளனாகச் சொன்னால், மூலக் குறிப்பு தொலைந்துபோன பழைய நிரலை அட்சரம் பிசகாமல் ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். நிலாவுக்கு 248 நாளுக்கு 248 வாக்கியம். நிலா பூமியிலிருந்து தூரப்போய் மறுபடி தூரப்போகும் சுற்று ஒன்பது முடிய அத்தனை நாள் ஆகும் என்று கண்டவனின் மூளை அபாரமானது. ஆனால் சூரியன் இழுப்பதால் நிலாவின் ஓட்டத்தில் வரும் கூடுதல் ஏற்ற இறக்கங்கள் அந்த வாக்கியங்களில் இல்லை. என் தங்கச்சிக்கு இரண்டு நட்சத்திரம் வந்ததில் பெரும்பங்கு இந்தக் குறையுடையது; மீதிதான் அயனாம்சம்.

திருத்த முயன்றவர்கள் உண்டு. சென்னை வான் ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். கண்ணால் பார்ப்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1952-இல் மேகநாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. நாடு முழுக்க முப்பது வகைப் பஞ்சாங்கம் ஓடுவதைப் பார்த்த குழு, 1955-இல் அறிக்கை கொடுத்தது. அரசு நாட்காட்டி சமநாளுக்கு மறுநாள், மார்ச் 22-இல் தொடங்கட்டும் என்றது. பண்டிகைகளுக்கு மட்டும் பழைய வழக்கத்தை உடனே உடைக்காமல் 23 பாகை 15 கலை என்று ஓர் அயனாம்சத்தை நிறுத்தியது. குழுவின் செயலாளர் நிர்மல் சந்திர லாஹிரி. என் திரையில் இருந்த பெயர் அவருடையதுதான். அவர் கணக்கின் ஆணி எது தெரியுமா? ஹிப்பார்கஸ் பார்த்த அதே சித்திரை. அதை 180 பாகையில் அடித்து நிறுத்தி, அதற்கு நேர் எதிரே மேஷம் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டார்கள்.

அரசு நாட்காட்டி 1957-இல் வந்தது. நம் வீட்டுச் சுவரில் அது இல்லை. சித்திரை ஒன்று இப்போதும் ஏப்ரல் 14. உண்மையான சமநாளிலிருந்து 24 நாள் தள்ளி. வாரன் காலத்தில் அது ஏப்ரல் 11 வாக்கில் வந்தது. சூரிய சித்தாந்த ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட 24 நிமிடம் நீளம். அறுபது வருசத்துக்கு ஒரு நாள் நழுவும். தை ஒன்றை உத்தராயணம் என்று கும்பிடுகிறோம். சூரியன் டிசம்பர் 21, 22-லேயே வடக்கே திரும்பிவிடுகிறது.

*

இதையெல்லாம் சரவணம்பட்டியில் டீக்கடையில் நின்று ஒரு நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்தான். "அதெல்லாம் பழைய கதை மாப்ள. சூரியனுக்கு ஒரு ஜோடி நட்சத்திரம் இருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துது. அதனாலதான் வானம் நகர்ற மாதிரி தெரியுது. நம்ம யோகிங்க எப்பவோ சொல்லிட்டாங்க."

அவன் சொன்னது சுவாமி ஸ்ரீ யுக்தேஸ்வரின் கருத்து. 1894-இல் எழுதிய நூலில், சூரியன் தன் இணையைச் சுற்றுவதற்கு 24,000 ஆண்டு ஆகிறது, யுகங்கள் அதனால் மாறுகின்றன என்றார் அவர். பின்னாளில் அமெரிக்கர் வால்டர் க்ரூட்டன்டன் அதை வளர்த்துப் புத்தகம் போட்டார். இதை எடுத்தவுடனே கேலி செய்யக் கூடாது. கேள்வி நல்ல கேள்வி: பூமி திரும்புகிறதா, சூரியக் குடும்பமே திரும்புகிறதா? அதைச் சோதிக்க வழி இருக்கிறது.

டீ ஆறுவதற்குள் கணக்குப் போட்டோம். 24,000 ஆண்டுச் சுற்று என்றால், சூரியன் மாதிரி ஓர் இணை, பூமி–சூரியன் தூரத்தைப்போல ஆயிரம் மடங்கில் இருக்க வேண்டும். அங்கே அப்படி ஒன்று இருந்தால் கிட்டத்தட்டப் பௌர்ணமி நிலா வெளிச்சம் அடிக்கும். சரி, வெளிச்சமில்லாத மங்கல் பொருள் என்று வைத்தால்? வைஸ் என்ற அகச்சிவப்பு விண்கலம் வானம் முழுக்கத் தேடியது. 2014-இல் வந்த முடிவு: பத்தாயிரம் மடங்கு தூரம் வரை சனி அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே பிராட்லியின் 18.6. இணை நட்சத்திரம் காரணம் என்றால், பூமியின் அச்சு ஏன் ராகுவின் தாளத்துக்கு ஆட வேண்டும்?

"அப்ப நம்மாளுங்க சொன்னது தப்பா?" என்றான்.

நம்மாளுங்க என்றால் யார் என்பதுதான் விஷயம். ஐயம் இருந்தால் நேரில் பார் என்ற வராகமிகிரரும் நம்மாள். ஊஞ்சல் இல்லை வட்டம் என்று மறுத்த முஞ்சாலரும் நம்மாள். சண்டை போட்டவர்களில் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டால் மரபு எப்படி மிஞ்சும்? அவனுக்கு நான் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

*

அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் பிறந்த நேரத்தில் நிலா எங்கே இருந்தது என்பதில் திருக்கணிதம்தான் சரி. வாக்கியக் கணக்கு பழையது. ஆனால் ஆயில்யம் எங்கே முடிந்து மகம் எங்கே தொடங்குகிறது என்பது வானத்தில் எழுதியில்லை. வரப்பு மாதிரி மனிதர்கள் போட்ட கோடு. லாஹிரி வரப்பு இங்கே, இன்னொருத்தர் வரப்பு ஒரு முழம் அந்தப் பக்கம்.

அப்பாவுக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது. "அப்ப மகம்னே சொல்லீரலாம். பழைய நோட்டை உள்ள வெச்சுருங்க."

அம்மா தலையாட்டினார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோசம்தான். அறிவியலை வைத்துத் தங்கச்சியைக் காப்பாற்றிவிட்ட சந்தோசம். அவள்தான் பேசினாள்.

"ஏண்ணா, நான் முக்கா மணி நேரம் முன்னால பொறந்திருந்தா அப்ப நெசமாவே ஆயில்யம். அப்ப என்ன பண்ணியிருப்பீங்க? என் கூடப் படிச்சவ ஒருத்தி ஆயில்யம். எந்த நோட்டுல போட்டாலும் ஆயில்யம். அவளுக்கு எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுப்ப?"

யாரும் பேசவில்லை. அவள் பீரோவைத் திறந்து இரண்டு நோட்டையும் எடுத்து மேசை மேல் வைத்தாள். "வர்றவங்ககிட்ட ரெண்டையும் குடுங்க. பாத்துட்டு வேண்டாங்கறவங்க போகட்டும்."

இரண்டாயிரம் வருசக் கணக்கைப் படித்துவிட்டு வந்த நான், கணக்கைத் திருத்துவதோடு நின்றிருந்தேன். அவள் கேட்டது கணக்குக்கு அந்தப் பக்கம்.

போன சித்திரைக் கனிக்கு ஊரில்தான் இருந்தேன். முந்தின ராத்திரி அம்மா கண்ணாடி முன்னால் தட்டில் மாம்பழம், பலா, வாழை, பூ, காசு, வளையல் எல்லாம் வைத்திருந்தார். விடியற்காலையில் கண்ணை மூடியபடி கூட்டிப்போய்க் கனி காட்டினார்கள். அப்புறம் நானும் தங்கச்சியும் வாசலுக்கு வந்தோம். எங்கள் வீடு சரியாகக் கிழக்குப் பார்த்தது. மார்ச் 21 காலையில் வெயில் நிலவு வழியாக நேராக உள்ளே வந்து ஆசாரத்துச் சுவரில் விழும். சித்திரை ஒன்று அன்று அப்படி விழவில்லை. சூரியன் ஒன்பது பாகைக்கு மேல் வடக்கே தள்ளி, பக்கத்துத் தோட்டத்துத் தென்னைக்குப் பின்னால் எழுந்தது.

"எவ்வளவு தள்ளிப் போயிருச்சு பாரு," என்றேன்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றாள்.